அடுத்த ஊரின் கரை

துறைமுகத்துக்கு மேலாண்மைத் திட்டம் வகுப்பது பொறியாளர்களின் வேலை, அதிகாரிகளின் வேலை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆழம் எவ்வளவு, சுவரின் நீளம் எவ்வளவு, எத்தனை படகுகள் அணையலாம் என்பவை கணக்குகள். அவற்றில் அறநெறிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆனால் அக்கணக்கின் ஒவ்வொரு வரியும் யாருக்கோ இடம் தருகிறது. யாரிடமிருந்தோ இடத்தை எடுக்கிறது. கொடுத்தலும் எடுத்தலும் நிகழும் இடத்தில் நீதி பற்றிய கேள்வியும் எழவே செய்யும்.

குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தை எண்ணிப் பார்ப்போம். குழித்துறைத் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம் அது. ஆழ்கடல் தொழிலில் பெயர் பெற்ற தூத்தூர் வட்டார மீனவர்கள், அருகில் துறைமுகம் இல்லாத காரணத்தால் நெடுங்காலம் கொச்சியையே தங்கள் தளமாகக் கொண்டிருந்தனர். சொந்தக் கரையில் ஒரு துறைமுகம் என்பது அவர்களின் நீண்ட நாள் வேண்டுகோள். துறைமுகம் வந்தது. ஆனால் அதன் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, அலையில் படகு கவிழ்ந்து, மீனவர் பலர் உயிரிழந்தனர். ஆழ்கடலைக் கடந்து வந்தவர்கள் புகலிடத்தின் வாசலில் மாண்டனர். எனவே துறைமுகத்தைக் கட்டுவதோடு கடமை முடிவதில்லை. அதைப் பேணும் திட்டமே உயிரைக் காக்கும் என்பது தெளிவு.

மணலின் இயல்பை நாம் அறிய வேண்டும். அலைகள் சாய்வாகக் கரையை மோதும்போது மணல் கரையோரமாகவே நகர்ந்து செல்கிறது. பருவக்காற்று மாறும்போது அதன் திசையும் மாறுகிறது. குறுக்கே கற்சுவர் எழுந்தால் ஒரு புறம் மணல் சேரும். மறுபுறம் வரவேண்டிய மணல் வராமல் கரை அரிக்கப்படும். இது துறைமுகச் சுவருக்கு மட்டுமன்று, நம் ஊர்கள் கேட்டுப் போராடும் தூண்டில் வளைவுகளுக்கும் பொருந்தும். ஓர் ஊரைக் காக்கும் வளைவு அடுத்த ஊரின் கரையைத் தின்னக்கூடும். பின்னர் அந்த ஊரும் வளைவு கேட்கும். ஆபத்து அதற்கும் அடுத்த ஊருக்கு நகரும்.

வீட்டு வாசலில் அலை நிற்கும்போது பாதுகாப்புக் கேட்பது மக்களின் உரிமை. அதைக் குறைகூற எவருக்கும் தகுதியில்லை. ஆயினும் அந்த உரிமை, நமது ஆபத்தை அயலாரின் தலையில் இறக்கி வைக்கும் உரிமையாகுமா? 'அவர்களுக்குத் தீங்கு செய்யும் எண்ணம் நமக்கு இல்லையே' என்று விடை சொல்லலாம். இரட்டை விளைவு பற்றிய அறநெறி இறையியல், நோக்கம் நல்லதாயிருப்பது மட்டும் போதாது என்கிறது. முன்கூட்டியே தெரிந்த தீங்கு, பெறவிருக்கும் நன்மைக்கு மிஞ்சியதாக இருத்தல் ஆகாது. அதைக் குறைக்க இயன்ற அனைத்தையும் செய்தாக வேண்டும்.

புதுச்சேரி இதற்குச் சான்று. 1980-களின் இறுதியில் அங்கே துறைமுகச் சுவர்கள் எழுந்தன. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடபுறம் சேர்க்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. ஆனால் அது முறையாக நடைபெறவில்லை. நகரின் கடற்கரை மறைந்தது. வடக்கே தமிழ்நாட்டு மீனவச் சிற்றூர்களும் கரையை இழந்தன. அயலாருக்குச் செய்ய வேண்டிய கடமை ஏட்டில் இருந்தது. அதை நாள்தோறும் நிறைவேற்றுவோர் இல்லை.

துறைமுகத்தின் உரிமையாளர் யார் என்பதும் பழைய கேள்வியே. கி.பி. 533-இல் வெளிவந்த ஜஸ்டினியனின் சட்ட நூல், கடலும் கடற்கரையும் இயற்கை நெறிப்படி எல்லாருக்கும் பொது என்றும், துறைமுகங்கள் மக்களுக்குரியவை, அங்கே மீன்பிடிக்கும் உரிமை அனைவர்க்கும் உண்டு என்றும் வகுத்தது. படைப்பின் நன்மைகள் அனைவருக்காகவும் அளிக்கப்பட்டவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது. ஆகவே துறைமுகத்தை நடத்துவோர் எவராயினும் அவர் பொறுப்பாளரே அன்றி உடைமையாளர் அல்லர். விசைப்படகுக்கு உள்ள இடம் வள்ளத்துக்கும் வேண்டும். ஏலக்கூடத்தில் மொத்த வியாபாரிக்கு உள்ள மதிப்பு தலைச்சுமையாய் மீன் விற்கும் தாய்க்கும் வேண்டும்.

விவிலியத்தில் ஒரு மேலாண்மைத் திட்டம் உண்டு. ஏழாண்டு விளைச்சலைச் சேமித்து ஏழாண்டுப் பஞ்சத்தைக் கடக்க யோசேப்பு வகுத்த திட்டம் அது. மக்கள் பிழைத்தார்கள். ஆனால் தொடக்க நூல் 47-ஆம் அதிகாரத்தைத் தொடர்ந்து வாசித்தால், அம்மக்கள் தானியத்துக்காகப் பணத்தையும் கால்நடையையும் நிலத்தையும் கொடுத்துப் பார்வோனுக்கு அடிமைகளானதைக் காண்கிறோம். குருக்களின் நிலம் மட்டும் தப்பியது என்றும் அங்கே எழுதப்பட்டுள்ளது; அருள்பணியாளராகிய நாம் அவ்வரியைக் கருத்தோடு வாசிக்க வேண்டும். உயிரைக் காக்கும் திட்டமும் உரிமையைப் பறிக்கக்கூடும். பிழைப்பு உண்டா என்று கேட்பதோடு, மக்கள் தங்கள் கரைக்கு உரியவர்களாகவே இருப்பார்களா என்றும் கேட்க வேண்டும்.

சட்டம் பொது நன்மைக்காக இருத்தல் வேண்டும், மக்களுக்கு அறிவிக்கப்பட்டிருத்தலும் வேண்டும் என்பார் புனித தோமா அக்குவினார். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, மக்கள் கருத்துக் கேட்புக்கு முன் அறிக்கையின் சுருக்கமாவது மக்கள் மொழியில் தரப்பட வேண்டும் என்கிறது. சுருக்கம் மட்டும் போதுமா? தூர்வாரும் மணல் எங்கே போகும் என்ற பக்கத்தை மீனவர் தம் மொழியில் வாசிக்க முடியாவிடில், அவரிடம் கருத்துக் கேட்டதாகச் சொல்வது எங்ஙனம்?

சிறிய சமூகம் செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று திருத்தந்தை 11-ஆம் பயஸ் 1931-இல் எழுதினார். அலையையும் நீரோட்டத்தையும் அறிந்த ஊர் மக்களைத் தள்ளிவைத்து வகுக்கும் திட்டம் இந்நெறிக்கு முரணானது. அதே வேளையில் ஊரின் பார்வை ஊர் எல்லையோடு நின்றுவிடக்கூடும். மணலோ பங்கின் எல்லையை அறியாது. அங்கே அரசின் கடமை தொடங்குகிறது: முழுக் கரையையும் ஒன்றாக நோக்கி, எந்த ஊரும் மற்றோர் ஊரின் பாதுகாப்புக்கு விலையாகாமல் காக்கும் கடமை அது.

நம் கடமையோ அதற்கும் முன்னரே தொடங்குகிறது. தூண்டில் வளைவுக்கோ துறைமுக விரிவாக்கத்துக்கோ பங்குப் பேரவை மனு எழுதும்போது, அடுத்த பங்கின் மக்களை அழைத்து, அந்த மனுவை அவர்களோடு சேர்ந்து வாசிக்கலாம். அவர்களின் கரைக்கும் மணல் சேர வழி கேட்கும் வரி ஒன்றை அதில் சேர்க்கலாம். நம்மை நேசிப்பதுபோல் அயலாரையும் நேசிக்கக் கற்பித்த ஆண்டவர், கடற்கரை ஊரிலுள்ள நம்மிடம் இன்று அந்த ஒரு வரியைக் கேட்கிறார்.