வெயிலில் நிற்கும் கண்ணகி

கும்பிடாத தெய்வம் தெய்வம்தானா? மெரினாவில் பாரதி சாலை வந்து முட்டும் இடத்தில் நிற்கும் கண்ணகி சிலையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான். நான் கிழக்கிலங்கையில் தம்பிலுவில்காரி. எங்களுக்குக் கண்ணகை அம்மன் காப்பியத் தலைவி இல்லை, ஊர்த் தெய்வம். வைகாசியில் கோயில் கதவு திறப்பார்கள். அவள் கதையைச் சொல்லும் வழக்குரைப் பாடலைப் படிப்பார்கள். கடைசியில் அவளைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு. மதுரையை எரித்தவளின் சூடு தணிந்தால்தான் மழை பெய்யும், அம்மை நோய் அண்டாது.

சென்னைக்கு வந்திருந்த அம்மம்மாவை ஒருநாள் சிலையடிக்குக் கூட்டிப்போனேன். விரித்த கூந்தல், கையில் சிலம்பு, தலையில் ஒரு காகம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "வெயிலுக்குள்ள நிக்கிறாவே புள்ள, இவவுக்கு ஆரு குளிர்த்தி பாடுற?" என்றார். பஜ்ஜிக் கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூசைக்காக வைத்த சிலை இல்லை இது. 1968 ஜனவரியில், உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி, அண்ணா முதல்வராக இருந்தபோது வள்ளுவர், ஔவை, ஜி.யு. போப் ஆகியோரோடு இவளையும் கடற்கரையில் நிறுத்தினார்கள். சிலை வணக்கத்தைக் கேலி செய்தே வளர்ந்தது அண்ணாவின் திராவிட இயக்கம். ஆனால் 2001 டிசம்பரில், லாரி மோதிப் பீடம் சேதமாகிவிட்டது என்று சொல்லிச் சிலையை அப்புறப்படுத்தியபோது, கோயில் இல்லாத இந்த அம்மனுக்காகக் கடவுள் மறுப்பாளர்களும் கொதித்தார்கள். வாஸ்துதான் காரணம் என்ற பேச்சும் அடிபட்டது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் கிடந்தவள், ஆட்சி மாறிய பிறகு, 2006 ஜூனில்தான் பழைய இடத்துக்கு வந்தாள்.

சிலப்பதிகாரத்தில் அவளைத் தெய்வமாக்கியது சேரன் செங்குட்டுவன். இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, வஞ்சியில் கோயில் கட்டினான். எங்கள் தீவின் அரசன் கயவாகுவும் அங்கே வந்து வணங்கினான். அரசனிடம் நீதி கேட்டவளை இன்னோர் அரசன் கருவறைக்குள் அமர்த்தினான் என்பது எனக்கு உறுத்தும். தெய்வமாகிவிட்டால் நாம்தான் அவளிடம் முறையிடுவோம். அவள் முறையீட்டைக் கேட்க ஆள் இருக்காது. (கற்புக்கரசிப் பட்டமும் அப்படித்தான். வழக்கை மறைத்துவிட்டது.)

எங்கள் ஊரார் இதில் கெட்டிக்காரர்கள் என்று தோன்றுகிறது. தணிப்பதற்கு முன் வழக்கைப் படித்துவிடுகிறார்கள். சிலம்பு யாருடையது, பொய் சொன்னவன் எவன், விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னவன் எவன் என்று ஊரே உட்கார்ந்து கேட்கும். அதன் பிறகே தண்ணீரும் வேப்பிலையும்.

மெரினாவில் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. தணிக்கப்படாத கோபத்தோடு, கூரையில்லாமல் நடுத்தெருவில் நிற்கிறாள். அம்மம்மா கேட்ட குளிர்த்தி அவளுக்கு வேண்டாம் என்பேன். அரசாங்கத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க ஒருத்தியாவது சூட்டோடு இருக்கட்டும். ஆகவே, சென்னைக்காரர்களே, பக்தி மேலிட்டு அவள் காலடியில் விளக்கும் உண்டியலும் வைத்துவிடாதீர்கள்.