ஜாக்பாட் மெஷினுக்குள் ஊழ் இருக்கிறதா?

ஜாக்பாட் மெஷினுக்கு ஞாபகம் கிடையாது. ஐந்து நிமிடம் முன்னால் யாருக்குக் கொடுத்தது, காலையிலிருந்து நீங்கள் எவ்வளவு விட்டீர்கள், எதுவும் அதற்குத் தெரியாது. சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். நிகழ்தகவுப் பாடத்தில் இதை ஒரு வரியில் முடித்துவிடுவேன். ஆனால் வினையை நம்பி வளர்ந்த நம்மவர்களுக்கு அந்த ஒரு வரி அவ்வளவு எளிதில் மனத்தில் இறங்குவதில்லை. செய்தது எதுவும் வீண்போகாது, ஒருநாள் திரும்பி வந்தே தீரும் என்று கேட்டுத்தானே வளர்ந்தோம்? சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று சைவம் வினையை மூன்றாகப் பிரித்துக் கணக்குச் சொல்கிறது. அந்த நம்பிக்கையோடு மெஷின் முன்னால் போய் உட்காருகிறவருக்கு, போட்ட காசெல்லாம் உள்ளே தன் பெயரில் சேர்ந்துகொண்டிருப்பதாகத்தான் தோன்றும்.

என் தாய்மாமாவுக்கு அப்படித்தான் தோன்றியது. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். வேலை முடிந்ததும் ஒரு மன்றத்தின் ஜாக்பாட் அறைக்குப் போவார். எப்போதும் ஒரே மெஷின். ஒருநாள் அவர் கழிவறைக்கு எழுந்துபோன நேரத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்து, இரண்டே தட்டில் ஜாக்பாட்டை எடுத்துவிட்டார். “அது எனக்கு வரவேண்டியதும்மா. நான் தண்ணி ஊத்தி வளர்த்தேன், அவன் அறுத்துட்டுப் போயிட்டான்” என்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னார். சொல்லும்போது அவருடைய வலது கட்டைவிரல் மேசை விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தது. பொத்தானைத் தட்டும் அதே வேகம். அது அவருக்கே தெரியவில்லை. பெயர் தெரியாத அந்த மனிதர் மேல் வருஷக்கணக்கில் அவருக்கு மனத்தாங்கல்.

நான் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினேன். மெஷினுக்குள் இருக்கும் சில்லு, யாரும் ஆடாத நேரத்திலும், ஓயாமல் எண்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு நொடிக்குள் எத்தனையோ எண்கள் வந்து போய்விடும். பொத்தானில் விரல் படும் கணத்தில் எந்த எண் வந்ததோ அதுதான் முடிவு. பிறகு உருளைகள் சுழல்வதெல்லாம், ஏற்கெனவே எழுதி முடித்த தீர்ப்பை வாசித்துக் காட்டும் சடங்கு. “மாமா, நீங்க எழுந்திருக்காம அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் உங்க விரல் அவர் தட்டுன அதே கணத்துல தட்டியிருக்காது. இம்மி தள்ளிப்போனாலும் வேற எண். அவர் எடுத்துட்டுப் போனது உங்களோடது இல்ல” என்றேன். அவர் அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணை ஏமாற்றுவதற்கும் உள்ளே ஏற்பாடு உண்டு. 1890களில் சான்பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த லிபர்ட்டி பெல் மெஷினில் மூன்று உருளைகள். மூன்று மணிகள் சேர்ந்து நின்றால் 50 காசு. அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரிந்த உருளைதான் கணக்கும். 1984-இல் டெல்னெஸ் என்பவர் காப்புரிமை பெற்ற முறை அதை மாற்றிவிட்டது. வெளியே தெரியும் உருளையில் 22 நிறுத்தங்கள் என்றால், மூன்று உருளைகளுக்கு 10,648 சேர்க்கைகள். உள்ளே கணினி தன் மனத்தில் வைத்திருக்கும் உருளைக்கு 64 நிறுத்தங்கள் கொடுத்தால் அது 262,144 ஆகிவிடும். ஜாக்பாட் படத்துக்கு அந்த 64-இல் ஒன்றே ஒன்றை ஒதுக்கிவிட்டு, அதற்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு எண்களை அள்ளிக் கொடுக்கலாம். அப்போது அந்தப் படம் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலேயோ கீழேயோ வந்து வந்து நிற்கும். ‘நெருங்கிவிட்டது, இன்னும் ஒரு தட்டு’ என்று மனம் துள்ளும். சில்லைப் பொறுத்தவரை ஒரு விரற்கடைத் தோல்வியும் ஒரு காதத் தோல்வியும் ஒன்றுதான். மாயை என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

பெரிய ஜாக்பாட் எப்படி வளர்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் நெவாடாவில் 1986-இல் தொடங்கிய மெகாபக்ஸ், மாநிலம் முழுவதும் பல சூதாட்டக் கூடங்களின் மெஷின்களை ஒரே வலையில் கோத்தது. ஒவ்வொரு ஆட்டத்திலிருந்தும் ஒரு சிறு பங்கு பொதுத்தொகையில் சேரும். 2003 மார்ச்சில் லாஸ் வேகாஸில் 25 வயது இளைஞர் ஒருவருக்கு அதில் 39.7 மில்லியன் டாலர் விழுந்தது. தொகை ஏறுகிறதே, வாய்ப்பும் ஏறத்தானே வேண்டும் என்று கேட்பார்கள். வழக்கமான மெஷின்களில் ஏறாது. ஏறுவது தோற்றவர்களின் பணம் மட்டுமே.

மெகாபக்ஸிலேயே இன்னொருவர், 1989-இல் லாஸ் வேகாஸில் மிராஜ் என்ற சூதாட்டக் கூடம் திறந்த அன்று 4.6 மில்லியன் டாலர் வென்றவர், 2005-இல் தம் 92-ஆம் வயதில் மறுபடியும் 21 மில்லியன் வென்றார். நம் ஊரில் என்றால் பூர்வபுண்ணியம் என்போம். ஆனால் அந்த இரண்டாம் முறை அவர் தட்டியபோது, பக்கத்து நாற்காலிக்காரருக்கு இருந்த அதே வாய்ப்புதான் அவருக்கும் இருந்தது. முந்தைய வெற்றி அவருக்கு உதவவும் இல்லை, இடைஞ்சல் செய்யவும் இல்லை.

இதையெல்லாம் கேட்ட மாமா கடைசியில் ஒன்று கேட்டார். “அப்போ சாமி அதுக்குள்ள இல்லைங்கிறியா? அவனன்றி ஓர் அணுவும் அசையாதுன்னு சொல்றாங்களே?”

நியாயமான கேள்வி. நானும் சாமி கும்பிடுகிறவள்தான், ஊழை நம்புகிறவள்தான். அதனால்தான் இதைத் தள்ளிவிட்டுப் போக முடியவில்லை. சைவ சித்தாந்தம் சொல்வது இது: வினை சடம், அது தானாகப் போய்ச் செய்தவனைப் பற்றிக்கொள்ளாது, பலனைக் கூட்டிவைப்பவன் இறைவன். மெஷினும் சடம்தான். ஆனால் அங்கே பலனைக் கூட்டிவைக்கும் இடத்தில் இருப்பது எது? தொழிற்சாலையில் எழுதிய ஒரு பட்டியல். எந்தப் படத்துக்கு எவ்வளவு, நூறு போட்டால் நாளடைவில் எவ்வளவு திரும்பவேண்டும் என்று வகுத்த பட்டியல். நெவாடா விதிப்படி திரும்பும் பங்கு 75 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, மிச்சம் கூடத்துக்காரருக்கு. இந்தப் பட்டியலின் முன்னால் உட்கார்ந்து, ‘என் ஊழ் என்னவென்று பார்க்கிறேன்’ என்று சொல்வது, ஆண்டவன் இருக்கவேண்டிய பீடத்தில் அதை ஏற்றிவைப்பதாகும்.

இன்னொன்றும் உண்டு. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு ஆடப்போகிற இருவரை நினைத்துப்பாருங்கள். ஒருவருக்கு விழுகிறது. அந்தப் பணம் வானத்திலிருந்து வரவில்லை. அதே நம்பிக்கையோடு குங்குமம் வைத்துக்கொண்டு போன மற்றவர் தோற்ற பணமும் அதில் இருக்கிறது. ஒரு பிள்ளையின் சோற்றை எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பதை அம்மன் அருள் என்று சொல்ல என் நா எழாது. வினை என்றால் ஓர் உயிருக்கு நாம் செய்த நன்மை தீமையின் பலன். பொத்தானைத் தட்டியதில் எந்த உயிருக்கு என்ன செய்துவிட்டோம், அது பலனாகத் திரும்புவதற்கு?

மாமாவிடம் அன்று நளன் கதையைத்தான் சொன்னேன். சூதில் நாட்டை இழந்து, தமயந்தியையும் பிரிந்து, இருதுபன்னன் என்ற மன்னனுக்குத் தேரோட்டியாக இருக்கிறான் நளன். வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்தமாத்திரத்தில் இலை இத்தனை, காய் இத்தனை என்று மன்னன் சொல்லிவிடுகிறான். நளன் நம்பாமல் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. தன் குதிரை நூலைத் தருவதாகச் சொல்லி அந்த எண்ணும் வித்தையையும் சூதின் நுட்பத்தையும் அவனிடம் கற்றுக்கொள்கிறான். கற்ற அந்தக் கணத்தில், அதுவரை உடம்புக்குள் இருந்து ஆட்டிவைத்த கலி வெளியேறிவிடுகிறான். யாகத்தால் போகவில்லை, பரிகாரத்தால் போகவில்லை. எண் தெரிந்ததும் போய்விட்டான். மகாபாரதத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

மாமா அன்றைக்கே ஆட்டத்தை விட்டுவிடவில்லை. ஆனால் அந்த அந்நியர் மேல் இருந்த மனத்தாங்கல் முதலில் போயிற்று. மெஷின் தமக்குக் கடன்பட்டிருக்கிறது என்ற எண்ணம் பிறகு போயிற்று. சில மாதம் கழித்து, சூதாடும் இடங்களிலிருந்து தம்மைத் தாமே விலக்கிவைக்கும் விண்ணப்பத்தில் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கையெழுத்துப் போட்டார்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சூதாட்டக் கூடத்துக்குள் நுழைய நம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டணம் வைத்தும் போகிறவர்கள் போகிறார்கள். ஆடுகிறவர் தாமே விலக விண்ணப்பிக்கலாம். அவர் மறுத்தால் கணவனோ மனைவியோ, பெற்றோரோ, பிள்ளையோ, உடன்பிறந்தவரோ குடும்பத்தின் சார்பில் விண்ணப்பிக்கலாம். அந்த விலக்கு மன்றங்களின் ஜாக்பாட் அறைகளுக்கும் சேர்த்தே செல்லும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரைத் திட்டாதீர்கள், ஜாதகத்தையும் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கணக்கை எழுதிக் காட்டுங்கள். பிறகு அந்த விண்ணப்பத்தை எடுத்து வையுங்கள்.