அன்னைக்கே தெரியுமுங்க

இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனை ஒரு காலத்தில் உளவாளி என்று சந்தேகப்பட்டதாக ஒப்புக்கொள்ளும் ஆள் இன்று எங்கள் ஆட்டையாம்பட்டியில் கிடைக்கமாட்டார். 2022இல் அவர் கதையைச் சொல்லும் மாதவனின் ‘ராக்கெட்ரி’ படம் வந்த சமயம் டீக்கடையில் பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது. "அந்த மனுசன் மேல தப்பில்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்றார் தறி ஓட்டி ஓய்ந்த ஒரு பெரியவர். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அத்தனை பேருக்கும் அன்றே தெரிந்திருந்தால், 1994இல் "நெருப்பில்லாம புகையுமா?" என்று கேட்டதெல்லாம் யார்?

அந்த ஆண்டு அக்டோபரில், விசா முடிந்தும் தங்கியிருந்ததாக மரியம் ரஷீதா என்ற மாலத்தீவுப் பெண்ணைத் திருவனந்தபுரத்தில் கைது செய்தார்கள். சில வாரங்களில் அது ராக்கெட் ரகசியத்தை விற்ற கதையாக வளர்ந்துவிட்டது. அவருடைய தோழி ஃபவுசியா ஹசன், இஸ்ரோ விஞ்ஞானி சசிகுமாரன், ரஷ்ய நிறுவனமான கிளாவ்காஸ்மாஸின் இந்தியப் பிரதிநிதி சந்திரசேகர், பெங்களூரு ஒப்பந்ததாரர் சர்மா என வரிசையாகப் பெயர்கள் வந்தன. நவம்பர் 30ஆம் தேதி, நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன் கைதானார். ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் எஞ்சின் திட்டம் அப்போது அவர் பொறுப்பில் இருந்தது.

விற்றதாகச் சொன்ன அந்தத் தொழில்நுட்பமே நம்மிடம் அன்று இல்லை. 1991இல் தருவதாக ஒப்பந்தம் போட்ட ரஷ்யா, அமெரிக்க நெருக்கடியால் 1993இல் தொழில்நுட்பத்தைத் தர மறுத்துவிட்டது. நாமே செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில்தான். மாவே அரைக்காத வீட்டில் முறுக்கு களவு போனதாகச் சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். ராக்கெட் விஷயத்தில் யாரும் சிரிக்கவில்லை.

காரணம் அறியாமை மட்டுமல்ல. 1991இல் ராஜீவ் காந்தி கொலை, 1993இல் பம்பாய் குண்டுவெடிப்புகள். அந்நியக் கை எங்கும் நீண்டிருப்பதாக நாடே பயந்திருந்த நேரம் அது. அந்தப் பயத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. போதாததற்குக் கேரளாவை ஆண்ட காங்கிரசில் கோஷ்டிச் சண்டை, பத்திரிகைகளுக்குள் போட்டி. 1995 மார்ச்சில் கருணாகரனின் முதல்வர் நாற்காலியே போனது. வெளிநாட்டுப் பெண்கள், கோடிகள், ரகசிய வரைபடங்கள் என்று கதையில் சுவைக்கும் குறைவில்லை.

நம்பி நாராயணனை மணிக்கணக்கில் நிற்கவைத்தே விசாரித்தார்கள், சுருண்டு விழுந்தார். 50 நாள் காவலில் இருந்தார். 1996இல் சிபிஐ, வழக்கில் சாரமில்லை என்று அறிக்கை கொடுத்தது, நீதிமன்றமும் ஏற்றது. அப்படியும் விடாமல் மாநில அரசு மறுவிசாரணைக்கு உத்தரவிட, 1998இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற தீர்ப்பு வந்தது 2018 செப்டம்பர் 14 அன்று. இரண்டு நாள் கழித்துச் சந்திரசேகர் காலமானார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்த மரியம் ரஷீதாவைப் பற்றிப் படம் பார்த்தவர்கள்கூட அதிகம் கேட்பதில்லை.

சரியாக நூறு ஆண்டு முன்னால், 1894 அக்டோபரில், பிரான்சில் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியை இதேபோல் உளவாளி என்று பிடித்தார்கள். அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாக 12 ஆண்டு ஆனது.

"அப்ப உளவாளியே கிடையாதா?" என்று கேட்கலாம். உண்டு. 1953இல் அமெரிக்காவில் உளவு வழக்கில் பறிக்கப்பட்ட உயிர்கள் இரண்டு: ரோசன்பர்க் தம்பதி. மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். கணவர் ஜூலியஸ் சோவியத்துக்கு உளவு பார்த்தது பின்னாளில் வெளியான ஆவணங்களில் உறுதியானது. மனைவி எத்தலின் பங்கு என்ன என்பது இன்றும் சர்ச்சை. பயம் பிடித்த ஊருக்கு இந்த வேறுபாடெல்லாம் கண்ணில் படாது என்பதுதான் சிக்கல். உளவைக் கண்டுபிடிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள், தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இருக்கிறது. நம் பங்கு ஒன்றே ஒன்றுதான், தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. அதைத்தான் நாம் செய்வதில்லை.

நம்பி நாராயணனுக்கு நீதி கிடைத்த அதே 2018இல், மே மாதம், போளூர் பக்கம் அத்திமூரில் குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள். சாமி கும்பிடப் போன இடத்தில் வழி விசாரிக்க இறங்கியவர். செல்போனில் வந்த வதந்திதான் அங்கே சாட்சி.

இப்போது நமக்கு மறுபடி ஒரு சோதனை. நம்பி நாராயணன் மீது பொய் வழக்குப் புனைந்ததாக முன்னாள் காவல், உளவுத்துறை அதிகாரிகள் ஐந்து பேர் மீது சிபிஐ 2024இல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருக்கிறது. உடனே அவர்களைத் துரோகிகள் என்று திட்ட நாக்கு துடிக்கும். பொறுங்கள். தீர்ப்பு வரும்வரை அவர்களும் குற்றம் சாட்டப்பட்டவர்கள்தான். 1994இல் நம்பி நாராயணனுக்கு நாம் கொடுக்காத அவகாசத்தை அவர்களுக்காவது கொடுப்போம்.