நின்னுருச்சா?

அவ்வைக்கு முதுமை ஒரே நொடியில் வந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அவள் பிள்ளையாரிடம் போய் இந்த இளமை வேண்டாம் என்றாள். அவரும் எடுத்துக்கொண்டார். காரைக்கால் அம்மையாருக்கும் அப்படித்தான். கணவனே காலில் விழுந்து கும்பிட்ட பிறகு, அவனுக்காகச் சுமந்த சதை இனி எதற்கு என்று பேயுருவம் கேட்டார், அங்கேயே கிடைத்தது என்கிறது பெரிய புராணம். எனக்கு வயது 49. எனக்கும் அந்த முதுமை வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் சில வருடங்களாக வழியிலேயே நிற்கிறது.

இரவு இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ முழிப்பு வரும். நெஞ்சுக்குள் ஒரு சூடு கிளம்பிக் கழுத்து வழியாக ஏறும், காது மடல் எரியும். அடுத்த நிமிஷம் பிடரியிலும் முதுகிலும் மார்புக்குக் கீழேயும் வேர்வை கொட்டும். நைட்டி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். எழுந்து மாற்றிக்கொண்டு, தலையணை மேல் காய்ந்த துண்டை விரித்துப் படுத்தால் இப்போது குளிர் எடுக்கும். போர்வைக்குள்ளிருந்து வீட்டுக்காரர், "ஃபேனைக் கொஞ்சம் கொறை" என்பார். மதுரையில் சித்திரை மாதத்தில் இப்படி வேர்த்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். மார்கழியிலும் வேர்க்கும்போதுதான் விஷயம் புரிகிறது. நான் செவிலியர் வேலை பார்க்கிறவள். நைட் டூட்டியில் கேஸ் ஷீட்டை விசிறியாக்கி வீசிக்கொண்டு நிற்கும்போது, படுக்கையில் கிடக்கும் பாட்டி என்னைப் பார்த்து, "உனக்கு என்னம்மா செய்யுது?" என்று கேட்டிருக்கிறாள்.

என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். உடம்பின் சூட்டைக் கண்காணிக்கிற இடம் மூளையில் ஹைப்போதலாமஸில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய அதன் பொறுமையும் குறைந்துவிடுகிறது. கொஞ்சம் சூடு ஏறினாலும் பெரிய காய்ச்சல் வந்ததுபோல் பதறி, தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்துவிட்டு வேர்வையைக் கொட்டுகிறது. அமெரிக்காவில் பெண்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. அடிக்கடி இப்படிச் சூடேறி வேர்க்கும் பெண்களில் பாதிப் பேருக்கு அது 7 வருடத்துக்கு மேல் நீள்கிறதாம். அவ்வையின் கதையில் பிள்ளையார் தாண்டிக் குதித்த இடம் இதுதான். (செவிலியராக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ராத்திரி வேர்வையோடு இருமலும் எடை குறைவதும் சேர்ந்தால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள், சளிப் பரிசோதனை செய்யுங்கள். நம் ஊரில் காசநோய் இன்னும் போகவில்லை.)

உடம்பின் தொல்லையை எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம். என்னை மடக்கியது ஒரு கேள்வி. எங்கள் தெரு அம்மன் கோயிலில் காப்புக் கட்டியதும் முளைப்பாரி போடுவார்கள். வைக்கோலும் எருவும் பரப்பி, ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, வெயில் படாத அறைக்குள் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்க்க வேண்டும். அந்த அறைக்குள் வயசுக்கு வராத பிள்ளைகள் போகலாம், நின்றுபோன பெரியவர்கள் போகலாம், மற்றவர்கள் வாசலோடு சரி. போன திருவிழாவில் தண்ணீர்ச் செம்போடு நான் படியேறியபோது, முளைப்பாரி வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"ஏத்தா, நின்னுருச்சா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வந்து பல மாதம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய தடவையும் அப்படித்தான், நின்றுவிட்டது என்று நினைத்திருந்த நேரத்தில் வந்தது. நாளைக்கே வரலாம், இனி வராமலும் போகலாம். "தெரியல பெரியம்மா" என்றேன். "தெரியலைன்னா என்னத்தா அர்த்தம்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் மருத்துவமே அப்படித்தான் சொல்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்த பிறகு திரும்பிப் பார்த்து, அதுதான் கடைசி என்று கணக்கு வைப்பார்கள். கடைசி நாள் அன்றைக்கே அதுதான் கடைசி என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியாது.

முதல் நாளுக்கு ஊரே கூடுகிறது. பச்சை ஓலையில் குச்சு கட்டி, மஞ்சள் நீர் ஊற்றி, தாய்மாமன் சீர் கொண்டுவந்து ஊரறிய மைக் செட் போடுகிறோம். நமக்கு மட்டுமா? ஆடிப்பூரத்தில் அம்மனுக்குச் சடங்கு கழிக்கிறோம், வளையல் அடுக்கி வளைகாப்பும் நடத்துகிறோம். கேரளத்தில் செங்கன்னூர் பகவதிக்குத் திருப்பூத்து உண்டு. அசாமில் காமாக்யாவுக்கு ஆனி மாத வாக்கில் அம்புபாச்சி என்று மூன்று நாள் நடை சாத்துகிறார்கள். தெய்வமே பூக்கலாம், மணமுடிக்கலாம், மசக்கையும் படலாம். தெய்வத்துக்கு நிற்பது மட்டும் எங்கும் இல்லை. இதைப் பெண்ணை இளமையாகவே பார்க்க ஆசைப்படும் ஆண் புத்தி என்று முன்பெல்லாம் நினைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை. சடங்கு என்றால் நாள் குறிக்க வேண்டும். இதற்குக் குறிக்க நாளே கிடையாது. பஞ்சாங்கம் பார்த்து நடக்கிற பக்திக்கு இந்தப் பருவத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, அதனால் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

தீட்டையும் நாம் தேதியாகத்தான் வைத்திருக்கிறோம், உடம்பைப் பார்த்து யாரும் சொல்வதில்லை. முன்பு கணக்குப் போட்டுத் திருவிழாவுக்கு நேர்ந்துகொள்வேன், கணக்கும் தப்பாது. கணக்கு இடிக்கிறவர்கள் மெடிக்கல் ஷாப்பில் 'தள்ளிப்போடுற மாத்திரை' வாங்கிப் போட்டுக்கொண்டு பால்குடம் எடுக்கிறார்கள். டூட்டி ரூமுக்கே வந்து, "சிஸ்டர், வெள்ளிக்கிழமை வரைக்கும் தள்ளிப்போகணும்" என்று என்னிடம் கேட்டவர்கள் எத்தனையோ பேர். ஒரு ஹார்மோன் மாத்திரையில் தள்ளிப்போகும் ஒன்றா கருவறைக்கு எட்டும் அசுத்தம்? சபரிமலையில் 10 வயது முதல் 50 வயது வரை என்று கோடு போட்டிருந்தார்கள். கோடு செல்லாது என்று 2018 செப்டம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பிறகு கேள்விகள் பெரிய அமர்வுக்குப் போயின. அந்த வழக்கில் சுவாமியின் பிரம்மச்சரியம் பற்றியும் வாதம் உண்டு, அதை நான் தீர்க்கப் போவதில்லை. கோட்டை மட்டும் பாருங்கள். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. அவர்கள் 50 வரை காத்திருக்க வேண்டும், 51-லும் நிற்காதவர் இருமுடி கட்டிப் போகலாம். உடம்பு ஆதார் அட்டையைப் பார்த்து நடப்பதில்லை.

தீட்டு என்று விலக்குகிற அதிலிருந்துதானே எல்லா உடம்பும் உருவானது என்று சிவவாக்கியர் எப்போதோ கேட்டுவிட்டார். மேல்மருவத்தூரில் மாதவிலக்கு நாளிலும் பெண்கள் கருவறைக்குள் போய்ப் பூசை செய்கிறார்கள், அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. "அந்தக் காலத்துல அந்த மூணு நாளாச்சும் பொம்பளைக்கு ஓய்வு கெடைச்சுச்சு" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மூன்று நாளும் நாற்று நட்டவளின் மகள் நான். ஓய்வு யாருக்குக் கிடைத்தது என்று எனக்குத் தெரியும்.

கோயிலையே விட்டுவிடு என்று கூட வேலை பார்க்கும் தோழி சொல்கிறாள். எனக்கு முடியாது, விருப்பமும் இல்லை. நான் தேடியது கோயிலுக்குள் எனக்கு ஓர் இடம். அது இருந்தது. தவ்வை. லட்சுமிக்கு அக்கா, சேட்டை, ஜேஷ்டை. பல்லவர், பாண்டியர் காலத்துச் சிவன் கோயில்களில் அவளுக்குச் சந்நிதி உண்டு. திருப்பரங்குன்றத்தில் எட்டாம் நூற்றாண்டில் நக்கன் கொற்றி என்ற பெண் துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. தவ்வை கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பாள். தொந்தி சரிந்திருக்கும், மார்பு தளர்ந்திருக்கும். ஒரு பக்கம் வளர்ந்த மகன், ஒரு பக்கம் மகள், மேலே காக்கைக் கொடி. மற்ற தேவிகளைப் போல இடையை ஒடித்துக்கொண்டு நிற்க மாட்டாள். பார்த்தால் கன்னியும் இல்லை, கிழவியும் இல்லை. பிள்ளை பெற்று வளர்த்து, அதற்கப்பாலும் இருக்கிறவள். அவளை இந்தப் பருவத்துக்குரிய தெய்வம் என்று எந்த நூலும் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன். பிற்காலத்தில் அவளைப் பெயர்த்து மூலையில் போட்டார்கள், சில ஊர்களில் குளத்திலும் வயலிலும் கிடந்து எடுத்திருக்கிறார்கள். இப்போது அவள் பெயர் மூதேவி, சோம்பேறியைத் திட்டுகிற வார்த்தை. ஆண்டாளை வைத்துக்கொண்டோம், அவ்வையை வைத்துக்கொண்டோம், நடுவில் இருந்தவளை வெளியே தள்ளினோம்.

ராத்திரி வேர்த்து எழுந்தால் இப்போதெல்லாம் நைட்டியை மாற்றிவிட்டுச் சாமி அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். "வேர்த்த ஒடம்போட வெளக்குக்கிட்டப் போகாத, குளிச்சிட்டுப் போ" என்று என் அத்தை முதலில் சத்தம் போட்டார். மூன்று மணிக்குக் குளித்தால் அடுத்த அலை நாலு மணிக்கு வரும், அப்போது மறுபடி குளிப்பதா என்றேன். அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் இப்படி இருந்ததாம், மாமா முழித்துக்கொள்வாரே என்று திண்ணையில் போய் உட்கார்ந்திருப்பாராம். இத்தனை வருடத்தில் அன்றுதான் சொன்னார். திருநீற்றை அப்படியே எடுத்துப் பூசுகிறேன், நெற்றி ஈரத்திலேயே அது பிடித்துக்கொள்கிறது. தூய்மை என்று ஒன்று இருந்தால் அது அந்த நேரத்தில் மனசு எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வேர்வைக்கும் ரத்தத்துக்கும் அதில் பங்கில்லை.

இந்த வருடமும் ஆடியில் முளைப்பாரி போடுவார்கள். நானும் செம்போடு போகத்தான் போகிறேன். தெருவுக்குத் தெரு அந்த அறை வாசலில் காவல் இருக்கும் பெரியம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைப் படியில் நிறுத்தி வைத்துக் கேட்காதீர்கள். கை கழுவினாயா என்று கேளுங்கள், போதும்.