யோசிக்காமல் இருக்கக் கட்டும் காசு

மேகக் கணிமை மாநாடுகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘சர்வர்லெஸ்’. சர்வர் இல்லாதது என்று அர்த்தம். அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது என்பது அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். சர்வர் எங்கேயோ இருக்கிறது, நீ அதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்பதுதான் அதன் உண்மையான பொருள்.

கோலாலம்பூரில் நடந்த அப்படியொரு மாநாட்டுக்கு எங்கள் நிறுவனம் நான்கு பேரை அனுப்பியது. பெரிய கூட்டம். கழுத்தில் அட்டை, கையில் இலவச டீசட்டை, காலுறை (ஆமாம், காலுறையும் கொடுக்கிறார்கள்). பேசியவர்கள் நன்றாகவே பேசினார்கள். குறை சொல்லி எழுத எனக்கு ஆசையில்லை, இந்தத் துறைதான் சோறு போடுகிறது. ஆனால் ஓர் அமர்வு முடிந்ததும், “இதெல்லாம் எந்த ஊர்ல ஓடுதுன்னு யாருமே சொல்ல மாட்டாங்களாண்ணே?” என்று உடன் வந்த மூத்த பொறியாளரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். “டேய், அத யோசிக்காம இருக்கத்தானடா காசு கட்டுறோம்.”

அவர் சொன்னது சரிதான். பல்கலைக்கழகத்தில் முதல் வருடமே இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு நிரலை அடுக்கடுக்காகக் கட்ட வேண்டும், கீழ் அடுக்கு எப்படி வேலை செய்கிறது என்று மேல் அடுக்குக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்த மறதி இல்லாமல் எதையும் கட்ட முடியாது. மின்சாரம் எப்படி வருகிறது என்று யோசித்துவிட்டுத்தான் விளக்கைப் போடுவேன் என்றால் இருட்டில்தான் உட்கார வேண்டும்.

ஆனால் தெரியாது என்பது வேறு. தெரியாமல் இருக்கக் காசு கொடுப்பது வேறு. இரண்டாவதையும் அறியாமை என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

மேகம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டைத் தரவு மையங்கள் தின்றன. 2019இல் அங்கே புதிய மையங்களுக்கு அனுமதி நிறுத்தப்பட்டது, 2022 ஜனவரியில்தான் கட்டுப்பாடுகளோடு திரும்பத் திறந்தார்கள். கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்தார்கள். ஜொகூரில் செடெனாக், கூலாய் என்று வரிசையாகக் கட்டடங்கள் எழுந்தன. இந்த வெயிலில் இயந்திரங்களைக் குளிர்விக்கப் பல மையங்களில் தண்ணீரை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியே அனுப்புகிறார்கள். (நிஜமாகவே கொஞ்சம் மேகம் உண்டாகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.)

கூலாயில் ஒரு பெரிய தரவு மையப் பூங்கா நிற்கும் நிலம், கூலாய் யங் தோட்டத்தின் ஒரு பகுதி. செம்பனைத் தோட்டம். வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்த்தபோது என் தாத்தாவின் ஞாபகம் வந்தது. அவர் வேறொரு தோட்டத்தில் பால் வெட்டியவர். “சீமையில இருக்கற மொதலாளிக்கு நம்ம பேரா தெரியும்? எத்தன ராத்தல் பாலுன்னுதான் தெரியும்” என்பார்.

தோட்டமும் ஓர் அடுக்கு முறைதான். லண்டனில் பங்குதாரர், அவருக்குக் கீழே ஏஜென்சி நிறுவனம், பிறகு துரை, கிராணி, கங்காணி, கடைசியில் வெட்டுக்காரர். ஒவ்வோர் அடுக்கும் அடுத்த அடுக்குக்கு ஓர் எண்ணைக் கொடுக்கும். லயத்து வீட்டில் காய்ச்சலில் கிடக்கும் குழந்தை அந்த எண்ணில் ஏறாது. லண்டன்காரர் கொடூரமானவராக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்லவராக இருந்துகொண்டே லாப ஈவு வாங்கலாம், அந்த வசதியைத்தான் அடுக்குகள் அவருக்குக் கொடுத்தன. 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரி நிறுவனம் மலேசியாவின் கைக்கு வந்தது. நாட்டுக்குப் பெரிய வெற்றி. அன்று காலை மரத்தடிக்குப் போனவர்களுக்கு முதலாளி மாறிய சேதி எப்போது போய்ச் சேர்ந்திருக்கும்?

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தரவு மையத்தில் வேலை செய்பவர் கூலி இல்லை, கடன் பத்திரத்தில் கட்டுண்டவரும் இல்லை. ஒற்றுமை தெரிந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. இந்த முறை மேல் அடுக்கில் உட்கார்ந்திருப்பது பால் வெட்டியவரின் பேரன்.

அடுக்கு இரண்டு விஷயங்களை மறைக்கிறது. ஒன்று சிரமம். அதை மறைக்கட்டும், அதற்காகத்தான் இருக்கிறது. இன்னொன்று, வேறு யாரோ கொடுக்கும் விலை. அமேசானின் லாம்டா சேவை 2020 டிசம்பரிலிருந்து ஒரு மில்லிவினாடி வரைக்கும் எண்ணிக் காசு வாங்குகிறது, அதற்கு முன் 100 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நுணுக்கமாக அளக்கத் தெரிந்தவர்களின் பில்லில் தண்ணீருக்கு என்று ஓர் இடம் கிடையாது. அளக்க முடியாததால் என்று நான் நம்பவில்லை. மேலே இருப்பவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுக்கு உடையும்போதுதான் நாம் கீழே பார்க்கிறோம். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் ஒரு கட்டளையில் ஓர் உள்ளீடு தவறி, நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் அணைந்தன. பல மணி நேரம் எங்கெங்கோ இருந்த தளங்கள் படுத்தன. சேவை எப்படி இருக்கிறது என்று காட்ட வேண்டிய அவர்களுடைய நிலவரப் பலகையே எஸ்3யை நம்பித்தான் இருந்தது, அதனால் அதையும் உடனே மாற்ற முடியவில்லை. இந்தக் கதையைப் பொறியாளர்கள் நகைச்சுவையாகச் சொல்வோம். எனக்கு அதில் இன்னொன்று தெரிகிறது: அன்றைக்காவது மேகத்துக்கு ஓர் இடம் இருந்தது, வடக்கு வெர்ஜீனியா. செய்தியில் ஊர்ப் பெயர் வந்தது. ஒழுங்காக ஓடும் நாளில் வராது.

மாநாடு முடிந்த அடுத்த வாரம் ஒரு புதிய திட்டத்துக்கு வடிவமைப்பு ஆவணம் எழுத வேண்டியிருந்தது. செலவு, வேகம், பாதுகாப்பு என்று எப்போதும் இருக்கும் கட்டங்களுக்குக் கீழே ‘எந்த ஊர், எந்தத் தண்ணீர்’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். நிரப்ப முடியவில்லை. வட்டாரத்தின் பெயர் கிடைக்கிறது, கட்டடத்தின் முகவரியைப் பாதுகாப்புக்காக வெளியிடுவதில்லை. அண்ணன் ஆவணத்தைப் படித்தார். “இத யாருடா கேக்கப் போறா?” என்றார். நீக்கச் சொல்லவில்லை. அடுத்த ஆவணத்தை அவர்தான் எழுதினார், அந்தக் கட்டம் அதிலும் காலியாகவே இருக்கிறது.