இன்று உங்கள் பாடு!

பள்ளி வேன் வருவதற்குள் இட்லி ஊட்டி, ஷூ தேடி, டிபன் டப்பா கட்டி அனுப்பிவிட்டு, 'அப்பாடா' என்று உட்காருகிறீர்கள். தட்டில் பாதி இட்லி மிச்சம் கிடக்கிறது. 'தினமும் இதே பாடுதான்' என்று அலுத்துக்கொண்டே அதை எடுத்துச் சாப்பிடுகிறீர்கள், இல்லையா?

அந்த மிச்சத்துக்காக ஒரு தாய் ஏங்கி அழுதிருக்கிறாள். அவள், கண்ணனைப் பெற்ற தேவகி!

சிறையில் பெற்ற பிள்ளை அன்றிரவே கோகுலம் போய்விட்டது. வளர்க்கும் பேறு யசோதைக்கு! அந்தத் தேவகியாகவே மாறிக் குலசேகராழ்வார் புலம்புகிறார், பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில். குன்றைக் குடையாகப் பிடித்த அற்புதத்தைக் காணவில்லையே என்றும் அவள் வருந்துகிறாள்தான். ஆனால், அதற்கும் முன்னால் அவள் நினைப்பது எதைத் தெரியுமா? தாலாட்டக் கிடைக்கவில்லையே, செம்மண் புழுதியோடு தளர்நடையிட்டு வந்து மார்பில் சாயவில்லையே, பிஞ்சு விரல்களால் அள்ளித் தின்ற சோற்றின் மிச்சத்தை உண்ணவில்லையே என்பதைத்தான்!

நாம் அலுத்துக்கொள்ளும் அழுக்குச் சட்டையும் மிச்சச் சோறும், தேவகிக்குக் கிடைக்காத பிரசாதம்.

'பாடு' என்றால் கஷ்டம் மட்டுமல்ல. வேறு பொருளும் உண்டு. கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காடு ஏரியை ஒட்டி சுண்ணாம்புக்குளம் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஏரியின் தமிழகப் பக்கத்து மீனவ கிராமங்கள் சிலவற்றில் 'பாடு' என்பது ஒரு மீன்பிடி முறை. எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். அதனால், இறால் கிடைக்கும் இடங்களைக் குலுக்கல் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். தன் முறை வரும் நாளில் வலை நிறையலாம், நிறையாமலும் போகலாம். எப்படியானாலும், அன்றைய நாள் அவருடைய பாடு. மறுபடி அந்த இடம் வேண்டுமென்றால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும்.

பிள்ளை வளர்ப்பும் நமக்கு வந்த முறைதான். ஒரே ஒரு வித்தியாசம். ஏரியில் பாடு சுற்றிச் சுற்றி வரும். மடியில் ஏறும் வயது மறுபடி வராது!

அதற்காக, களைப்பே இல்லாததுபோல் நடிக்க வேண்டாம். யசோதைக்கும் களைப்பு வந்தது. உரலோடு கண்ணனைக் கட்டக் கட்ட, கயிறு இரண்டு விரற்கடை குறைந்துகொண்டே இருந்தது. வியர்த்துக் களைத்துப்போன தாயைப் பார்த்து மனம் இரங்கித்தான் அவன் கட்டுப்பட்டான் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். ஆக, தாயின் களைப்பு பகவானுக்குத் தெரியும். களைப்போடு சொல்லும் நன்றியையும் அவன் ஏற்றுக்கொள்வான்.

இன்று மாலை விளக்கேற்றியதும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். 'இன்னிக்கு உனக்கு எது சந்தோஷமா இருந்தது?' என்று கேளுங்கள். பென்சில் கிடைத்ததோ, நாய்க்குட்டியைப் பார்த்ததோ... எதைச் சொன்னாலும் சரி. நம் வேண்டுதல்களைச் சற்றே தள்ளிவைத்து, அந்த ஒன்றுக்காக இருவரும் சேர்ந்து கைகூப்புங்கள்.

மார்க் குறைந்த நாளிலும், பால் கொட்டிய நாளிலும் இதை விடாதீர்கள். வலை நிறையாத நாளும் நம்முடைய பாடுதானே!