கடைசிச் சுற்று யாருடையது?

சாரத்தில் ஏறுகிறவர் அதைக் கட்டியவரைப் பார்ப்பதே இல்லை. பெயின்டர் காலையில் வருவார், ஏறுவார், பலகையில் நின்று வேலையைத் தொடங்கிவிடுவார். நேற்று சாயங்காலம் அந்தக் கிளாம்ப்பை முறுக்கியவர் அதற்குள் வேறு சைட்டுக்குப் போயிருப்பார். இப்படி ஒரு நம்பிக்கையைக் கோயில் வாசலில்கூட நான் பார்த்ததில்லை. திருப்பூரில் சாரம் கட்டிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரன் நான். திருவாவடுதுறை ஆதீனம் நடத்தும் சைவ சித்தாந்த ஞாயிறு வகுப்பில் உட்காருகிறவனும்கூட. பிழைப்பு வேறு, பாடம் வேறு என்றுதான் இருந்தேன். நட்டை முறுக்கும் பேட்டரி கன் எங்கள் தொழிலுக்குள் வந்த பிறகு இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி நிற்கிறது: செய்தவர் யார்?

சவுக்குக் கம்பையும் கயிற்றையும் வைத்துக் கட்டுகிற சாரத்தில் இந்தக் கேள்விக்குக் கண்ணே பதில் சொல்லிவிடும். கட்டு தளர்ந்தால் கயிறு தொய்யும், கம்பு நகரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் டேனியல் பால்மர் ஜோன்ஸ் என்பவர் கயிற்றின் இடத்தில் இரும்புப் பிடியைக் கொண்டுவந்தார். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய கிளாம்ப். இதில் தளர்ச்சி வெளியே தெரியாது. விரலால் திருகி விட்ட நட்டும் சரியாக முறுக்கிய நட்டும் கீழிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஐரோப்பியத் தர விதிப்படி கிளாம்ப்பைச் சோதிக்கும்போது நட்டை 50 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குகிறார்கள். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய அந்த இறுக்கம் வரும். ஸ்பேனரின் நீளமும் ஒரு மனிதனின் கைபலமும் சேர்ந்தால் தானாகவே அந்த அளவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எல்லை கருவிக்குள்ளேயே இருக்கிறது.

கன்னில் அந்த எல்லை இல்லை. நடுத்தரமான பேட்டரி கன்னே 200, 300 நியூட்டன் மீட்டர் வரை போகும். அதன் உள்ளே மோட்டார் ஒரு சுத்தியலைச் சுழற்றி அடிக்கிறது; அடி அடியாக நட்டு இறுகுகிறது. தொடர்ந்து அழுத்தாமல் அடியாகக் கொடுப்பதால், எதிர்விசை கைக்கு அதிகம் வருவதில்லை. மணிக்கட்டைக் காப்பாற்றுகிற அதே அமைப்புதான் மணிக்கட்டுக்குச் செய்தி வராமலும் தடுக்கிறது. மரையில் சிமெண்ட் பால் காய்ந்து ஒட்டியிருக்கும், துரு ஏறியிருக்கும். அப்போது நட்டு நிற்பது பைப்பைப் பிடித்ததால் இல்லை, மரை சிக்கியதால். ஸ்பேனர் பிடித்த கைக்கு இந்த வித்தியாசம் தெரியும். துருவின் கரகரப்பு ஒரு மாதிரி, இரும்பு இரும்பைக் கவ்வி நிற்பது இன்னொரு மாதிரி. கன்னுக்கு இரண்டும் ஒன்றுதான். டிரிக்கரை விடாமல் பிடித்தால் போல்ட் நீளும், பைப் நசுங்கும். பேட்டரி இறங்கியிருந்தால் சத்தம் மட்டும் வரும், இறுக்கம் வராது. கேட்டால் பையன் சொல்வான்: "கன்னு வச்சாச்சுங்கண்ணா." நான் முறுக்கினேன் என்று சொல்ல மாட்டான்.

அந்தப் பேச்சுதான் என்னை உறுத்தியது. வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தருவது, 'நான் செய்தேன்' என்கிற எண்ணம் ஆணவத்தின் வேலை என்று. அப்படிப் பார்த்தால் கன் பிடித்த பையன் முக்திக்குப் பக்கத்தில் அல்லவா நிற்கிறான்? செய்தவன் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை. ஆனால் அவன் முறுக்கிய இடத்தில் ஏற எனக்குத் தயக்கம் வருகிறது. அப்படியானால் ஆணவம் போவதும் பொறுப்பு போவதும் வேறு வேறு.

சீனத்தின் சுவாங் சி நூலில் ஒரு தோட்டக்காரக் கிழவர் வருகிறார். கிணற்றில் இறங்கிக் குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து பாத்திக்கு ஊற்றுகிறார். ஏற்றம் வைத்தால் சுலபமே என்று வழிப்போக்கர் சொல்ல, எந்திரம் வைத்தவனுக்கு எந்திர மனசு வந்துவிடும் என்று மறுத்துவிடுகிறார். இதைப் படித்தபோது எனக்கு முழு உடன்பாடு வரவில்லை. நம் பக்கத்தில் ஏற்றம் இறைத்தவர்கள் பாடிக்கொண்டே இறைத்தார்கள். ஏற்றப்பாட்டு என்று ஒரு வகையே பிறந்தது. எந்திரம் வந்ததாலேயே மனசு செத்துவிடுவதில்லை.

சித்தாந்தம் இந்த இடத்தில் நிதானமாகப் பேசுகிறது. உடம்பு, கருவிகள், உலகம், அனுபவம் எல்லாமே மாயையிலிருந்து வருபவை. ஆனாலும் அவை உயிருக்கு உதவியாகவே கொடுக்கப்பட்டவை. விடியும் வரைக்கும் விளக்கு எப்படியோ அப்படி. ஆகவே கருவி பகை இல்லை. கூடவே ஒரு எச்சரிக்கையும் உண்டு. உயிர் தனித்து நிற்காது. எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு சூத்திரத்தில் முடித்தார். அதன் வழிவந்த மரபு முழுக்க இந்தச் சார்பைப் பற்றிய விசாரம் ஓடுகிறது. நட்டின் எதிர்ப்பை உணர்கிற கருவியைச் சார்ந்தவன் உணர்கிறவனாகிறான். உணராத கருவியைச் சார்ந்து நாள் முழுக்க நின்றால்? இவ்வளவு வரைக்கும் யோசித்து, கையால்தான் முறுக்க வேண்டும் என்று சைட்டில் சொல்லிவிட்டேன்.

வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் அப்போது வேலை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு இந்த ஊரில் நீரை ஆவியாக்கிப் பிரிக்கும் உயரமான எவாப்பரேட்டர்கள் நிறைய வந்தன. அவற்றில் பைப் மாற்ற, காப்பு சுற்ற, சாரம் இல்லாமல் முடியாது. வெக்கையும் உப்புக் காற்றும் சேர்ந்த இடம். அங்கே தாராபுரத்துப் பக்கத்து ஃபிட்டர் ஒருவர், என்னைவிட மூத்தவர், மேலிருந்து இறங்கி வந்து கேட்டார்: "ஏனுங்க, கையிலயே முறுக்குங்கறீங்க. வலிக்கறது உங்க முழங்கையா, எங்க முழங்கையாங்?"

நான் படித்த எந்த நூலிலும் இதைவிடக் கூர்மையான கேள்வியைப் பார்த்ததில்லை. ஸ்பேனரின் அறத்தைப் பேசுகிறவன் பெரும்பாலும் ஸ்பேனர் பிடிக்காதவன். கையுழைப்பு தவம் என்றால், அந்தத் தவத்தை இன்னொருவரைச் செய்யச் சொல்லிவிட்டு அதன் மனநிறைவை நான் வாங்கிக்கொள்வது எந்த நெறியில் சேர்த்தி? அவர் சொன்னதில் இன்னொரு உண்மையும் இருந்தது. காலையில் முறுக்குகிற கை சாயங்காலம் அதே கை இல்லை. களைத்த கை குறைவாக முறுக்கும், முறுக்கியதாக நினைத்துக்கொள்ளும். கன் களைப்பதில்லை. அதற்காகக் கன் சும்மா விடுவதும் இல்லை. அதன் அதிர்வு விரல்களை மரத்துப்போகச் செய்யும். இரண்டு கருவியும் உடம்பிலிருந்து ஏதோ ஒன்றைக் கேட்கின்றன.

1920களில் கதருக்குப் பேர்போன இந்த ஊர், இன்று தையல் மெஷினால் வாழ்கிறது. இரண்டுக்கும் நடுவே காந்தி சொன்ன ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 1924ல் டெல்லியில் ராமச்சந்திரன் என்ற இளைஞர், பின்னாளில் காந்திகிராமத்தை உருவாக்கியவர், எல்லா எந்திரத்துக்கும் நீங்கள் எதிரியா என்று கேட்டார். சிங்கர் தையல் மெஷினை காந்தி விலக்கிச் சொன்னார். மனைவி தையலில் படும் பாட்டைப் பார்த்து, அன்பினால் சிங்கர் செய்த கருவி அது என்பது காந்தியின் விளக்கம். இப்படி விலக்கிக்கொண்டே போனால் முடிவு எங்கே என்று இளைஞர் விடவில்லை. மனிதனுக்கு உதவுவதை நிறுத்தி, அவனுடைய தனித்தன்மைக்குள் எந்திரம் கைவைக்கத் தொடங்கும் இடமே முடிவு என்ற பொருளில் காந்தி பதில் சொன்னார். இந்த அளவுகோலில் கன்னை நிறுத்திப் பார்த்தேன். நட்டை ஓட்டி இறக்குவதும், சாரத்தைப் பிரிக்கும்போது கழற்றுவதும் வெறும் பாடு. அதைக் கன் எடுத்துக்கொள்ளட்டும். 'இது பிடித்துவிட்டதா' என்று தீர்மானிக்கும் கடைசிச் சுற்று மட்டும் பாடு இல்லை, தீர்ப்பு. அதைக் கன்னிடம் கொடுத்தால் மனிதனுக்கு மிஞ்சுவது டிரிக்கர் விரல்தான்.

அதனால் இப்போது எங்களிடம் கன் ஓட்டும், ஸ்பேனர் முடிக்கும். ஆனால் அந்த ஃபிட்டரின் கேள்வி இதோடு தீரவில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் பேசி வேலை எடுக்கிற தொழில் இது. கடைசிச் சுற்றைக் கையால் முடிக்கச் சொன்னால் நேரம் கூடும். அந்த நேரத்தின் கூலியை நான் கொடுக்காவிட்டால் என் சித்தாந்தத்துக்கு அவர்கள் தண்டம் கட்டுகிறார்கள் என்று பொருள். ஆகவே ரேட்டைக் கூட்டிக் கேட்கிறேன். சில வேலைகள் கைநழுவிப் போகின்றன. மதியத்துக்கு மேல் முறுக்குகிற ஆளை மாற்றிவிடுகிறோம்.

இன்னும் ஒன்று. பெரிய சைட்களில் சாரத்தில் ஏறும் வழியில் ஓர் அட்டை தொங்கும். பச்சை என்றால் ஏறலாம், சிவப்பு என்றால் கூடாது. சோதித்தவர் பெயரும் தேதியும் அதில் இருக்கும். இந்த ஊர் பனியனில் கம்பெனி லேபிள் உண்டு, தைத்தவர் பெயர் கிடையாது. சாரத்தில் மட்டும் பெயர் கேட்கிறார்கள். பெயர் போடுவது ஆணவம் இல்லையா என்று வகுப்பில் கேட்டேன். உடன் படிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் திருப்பிக் கேட்டார்: "பாராட்டு வாங்கவா அந்தப் பெயர், கேள்வி கேட்கவா?" கேள்வி கேட்கத்தான். இறைபணி நிற்றல் என்று சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரத்துக்கு விளக்கம் படித்திருக்கிறேன். பணியில் நிற்கிறவன் பலனுக்கு உரிமை கொண்டாட மாட்டான். கூப்பிட்டால் ஏன் என்று கேட்க அங்கே இருப்பான். பெருமையை விடுவதற்குப் பெயர்தான் பணிவு. பதில் சொல்லும் கடமையையும் சேர்த்து விட்டால் அது நழுவல்.

இப்போது எங்கள் அட்டையில் கடைசிச் சுற்று முறுக்கியவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். எந்தக் கருவி, எத்தனை நேரம், என்ன கூலி என்று தீர்மானித்தவன் நான். கிளாம்ப் வழுக்கினால் அந்த மூன்றையும் பற்றி என்னிடம்தான் கேட்க வேண்டும்.